கேட்டைக்கு ஆஜர்

என் மூத்தார், அதாவது என் கணவரின் அண்ணன், தினமும் காலையில் தான் உயிரோடு இருப்பதை எனக்குத் தெரிவித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். எளாவூரில் அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். கும்மிடிப்பூண்டி பள்ளிக்கூடத்துக்கு பஸ் பிடிக்கிற அவசரத்தில் நான் டிபன் டப்பாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். ஜன்னல் கம்பியில் டங்கென்று ஒரு தட்டு விழும்.

"ஆஜர், டீச்சர்!"

அடுத்து, உள்ளே இருக்கும் என் மாமியாருக்காகக் குரலை உயர்த்தி, "எம்மா, பாத்துக்கோ, இன்னிக்கும் சாவல!" என்பார்.

"கட்டையில போறவனே, காலங்காத்தால வாயப் பாரு" என்று மாமியார் கத்துவார். அந்தக் கட்டையில் போகிறவன் நூறு வயது இருக்க வேண்டும் என்று இருக்கிற சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டவரும் அவர்தான். திட்டு வாங்கிய திருப்தியில் மூத்தார் நடையைக் கட்டுவார்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் நான் பிறந்த நட்சத்திரம். நான் கேட்டை. கேட்டையில் பிறந்த பெண் மருமகளாக வந்தால் புருஷனின் அண்ணன் உயிருக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் படித்தவர், படிக்காதவர் எல்லோரும் நம்பினார்கள். விஞ்ஞானத்தில் பட்டம் வாங்கிய எனக்கே கொஞ்சம் பயம் உண்டு. பயமே இல்லாமல் இருந்தவர் சாகவேண்டிய அந்த அண்ணன் ஒருவர்தான். அப்படித்தான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு லாரி ஸ்பிரிங் பட்டறை. ஆந்திர எல்லை செக்போஸ்ட்டில் வரிசை கட்டி நிற்கிற லாரிகளில் பாதிக்கு மேல் அளவுக்கு மீறிய பாரம். கல்கத்தா ரோட்டுப் பள்ளத்தில் இறங்கி ஏறியதும் அடியில் இருக்கிற ஸ்பிரிங் பட்டை உடைந்துவிடும். அதைக் காய்ச்சி, அடித்து, வளைத்து, எண்ணெயில் முக்கி மறுபடி கட்டிக் கொடுப்பார். ஆறடி ஆள். இடது புருவம் பாதி கருகிப் போயிருக்கும். பட்டறைக்குள் பட்டப்பகலிலும் இருட்டு. வாசலில் கோணித்திரை தொங்கும்.

"வெளிச்சத்துல நெறம் பொய் சொல்லும்மா" என்பார்.

நிறம்தான் அவருக்கு எல்லாம். இரும்பு எத்தனை டிகிரி காய்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. கையைக் குழல் மாதிரி குவித்து, அந்த ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் உலையைப் பார்ப்பார். முதலில் நாவப்பழம். அப்புறம் தக்காளி. அப்புறம் ஆரஞ்சு, எலுமிச்சை, தேங்காய். தேங்காய்க்கு மேலே ஒன்று உண்டு, வெல்டிங், கண்ணைக் கூசுகிற நீல வெள்ளை. இரும்பு அந்த நிறத்துக்குப் போகாது, அதற்குள் பொறி கக்கி வீணாகிவிடும். எலுமிச்சையில் அடிக்க வேண்டும், ஆரஞ்சில் நிறுத்திவிட வேண்டும், தக்காளியில் கை வைத்தால் பட்டை எகிறும். முப்பது வருஷத்தில் நிறம் ஒரு முறைகூடத் தப்பியதில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. ஆந்திரா டிரைவர்கள் கூட, "நைனா கண்ணு தெய்வக் கண்ணு" என்று சொல்லிக்கொண்டு காத்துக் கிடப்பார்கள்.

அந்தக் கண்ணை இரும்போடு நிறுத்திக்கொண்டாரா என்றால், இல்லை. மனிதர்களையும் அதே பட்டியலில் போடுவார். எங்கள் தலைமையாசிரியர் ஒரு தடவை வீட்டுக்கு வந்து அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனார். "நாவப்பழம்மா. உலையில போட்ட மாதிரியே தெரியல" என்றார். தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த தன் தம்பியை, அதாவது என் கணவரை, ஆரஞ்சு என்பார், வளைத்தால் வளைவான் என்று அர்த்தம். தன் மனைவியைப் பற்றிக் கேட்டால், "வெல்டிங்கு. கண்ணாடி போட்டுக்கினுதான் பாக்கணும்" என்று குரலைத் தாழ்த்துவார். நான் அக்கா என்று கூப்பிடும் அவருக்கு அது கேட்டுவிடும். அன்றைக்கு ரசம் கொதிக்கக் கொதிக்க இலையில் இறங்கும்.

"நான் எது மாமா?" என்று பல தடவை கேட்டிருக்கிறேன்.

"இன்னும் பாத்துக்கினு கீறேன்" என்று நழுவிவிடுவார்.

அவரை நான் முதலில் பார்த்தது அறுபதுகள் முடிகிற சமயம், ஒரு ஆவணி மாதம், மணவாள நகரில் எங்கள் வீட்டில். என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அதற்கு முன்னால் நான்கு இடம் தட்டிப்போயிருந்தது. நான்கு மாப்பிள்ளைகளுக்கும் அண்ணன் இருந்தான். அப்பா அலுத்துப்போய், தலைச்சன் பிள்ளையாகத் தேடித் தேடிச் செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த நிலைமையில் ஒரு தரகர் துணிந்து என் நட்சத்திரத்தை அனுஷம் என்று மாற்றிச் சொல்லி இவர்களைக் கூட்டி வந்துவிட்டார். கேட்டைக்கு அடுத்த வீடுதானே அனுஷம் என்பது அவர் நியாயம்.

பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் ஆனது. எல்லோருக்கும் எல்லோரையும் பிடித்துவிட்டது. அப்போதுதான் அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை.

"ஒரு விஷயத்தச் சொல்லிடறேங்க. பொண்ணு அனுஷம் இல்ல. கேட்டை."

மாமியாராக வரவேண்டியவர் பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "எனக்குக் கீறதே ரெண்டு புள்ளைங்க. சின்னவனுக்குப் பொண்ணு எடுத்துக்கினு பெரியவனைத் தொலைக்கச் சொல்றீங்களா?"

ஐந்தாவது இடமும் போயிற்று என்று நான் உள்ளே திரும்பிவிட்டேன். வாய் நிறைய பஜ்ஜியோடு ஒரு குரல் வந்தது.

"எம்மா, இரு. அந்தக் கேட்டை எங்க கீது?"

"எங்க இருக்கும், வானத்துலதான்" என்றார் தரகர்.

"பொண்ணு சயின்சு டீச்சர்தான? வந்து காட்டட்டும். என்னை அடிக்கப் போற நட்சத்திரத்த நான் ஒரு தடவை பாக்க வாணாமா?"

விளக்கு வைக்கிற நேரம் தாண்டி, வானம் நன்றாக இருட்டியிருந்தது. பெண் பார்க்க வந்த கூட்டம் அப்படியே எழுந்து தெருவுக்கு வந்தது. எனக்கு உதறல். நட்சத்திரப் பாடத்தை நான் கரும்பலகையில் நடத்தியிருக்கிறேனே தவிர வானத்தில் நடத்தியதில்லை. கேட்டை பிரகாசமான நட்சத்திரம் என்று தெரியும். எதிர்வீட்டு ஓட்டுக்கு மேலே பளிச்சென்று ஒன்று நின்றது. அதை நோக்கிக் கையை நீட்டினேன்.

மூத்தார் பக்கத்தில் வந்து நின்றார். பஜ்ஜி எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, குழலாகக் குவித்து, ஒற்றைக் கண்ணை வைத்தார். வெகு நேரம் பார்த்தார். அப்பாவுக்குத் தூரப்பார்வை கிடையாது. மாமியாருக்குக் கண்ணில் புரை. என் கணவராக வரப்போகிறவர் வானத்தையே பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆகவே தீர்ப்பு மொத்தமும் அந்த ஒற்றைக் கண்ணிடம் இருந்தது.

"தக்காளி" என்றார் மூத்தார்.

"இன்னாடா?" என்றார் மாமியார்.

"ஆறிப்போன தக்காளிம்மா. இந்தச் சூட்டுல ஒரு பட்டைய வளைக்க முடியாது. என்னைய வளைச்சிடப் போவுதா? உள்ள போயி தட்ட மாத்து."

"அவன் கண்ணு தப்பாதே" என்று மாமியார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வாசற்படியில் நின்றிருந்த அக்கா, "இவரு தலை மேல வானமே உழுந்தாலும் வானத்துக்குத்தான் காயம்" என்றார். தை மாதம் எனக்குக் கல்யாணம் நடந்தது. மறுநாள் காலையிலேயே ஜன்னல் கம்பியில் முதல் தட்டு விழுந்துவிட்டது.

ஐந்து மாதம் சிரிப்பாகப் போயிற்று. ஆனி மாதத்தில் ஒரு நாள் காலை பட்டறையில் விபத்து. மூத்தாருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து கட்டிலில் கிடத்தினார்கள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்க்கும்போது வீடு நிறைய ஜனம். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, அதிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

மாமியார் அழுதுகொண்டிருந்தார். "இன்னும் பத்து நாள்ல ஆடி. அவங்கப்பா வந்து இட்டுக்கினு போவாரு. போறவ அங்கியே இருந்துக்கட்டும். நான் அவ மேல ஒரு குத்தமும் சொல்லல. எனக்குப் புள்ள வோணும், அவ்ளோதான்."

கொடுமை என்னவென்றால், அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. என் கணவர் வாயைத் திறந்து ஏதோ சொல்லப் பார்த்து மூடிக்கொண்டார். ஆரஞ்சு, என்ன செய்ய? நான் சுவரோடு சுவராக நின்றேன். அக்கா பெரியபாளையத்து அம்மனுக்கு வேப்பிலையில் சேலை கட்டுவதாக நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்துகொண்டிருந்தார்.

கட்டிலிலிருந்து மூத்தார் கையைத் தட்டினார்.

"எல்லாம் கேட்டுக்கோங்க. நான்தான் நெறம் தப்பாப் பாத்துட்டேன்."

ஒரு லாரி டிரைவர், "நீயா?" என்றார்.

"நான்தான்யா. கோணிய இறக்காம வுட்டுட்டேன், வெளிச்சம் உள்ள வந்துச்சி. தக்காளிய எலுமிச்சைன்னு நெனச்சி அட்றான்னுட்டேன். பட்டை எகிறி கால்ல உழுந்துச்சி. என் கண்ணு செஞ்ச தப்புக்கு ஆகாசத்த எதுக்கு இழுக்கறீங்க? டீச்சர் ஆடிக்குப் போயிட்டு ஆவணிக்கு வந்துடும்."

மாமியார் அழுகையை நிறுத்தி, அவரைத் திட்ட ஆரம்பித்தார். பிழைத்தேன் என்று எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அவர் அதற்குக் கொடுத்த விலை கொஞ்சமல்ல. கல்கத்தா ரோடு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கால் கூடி, அவர் தாங்கித் தாங்கி நடந்து பட்டறைக்குப் போனபோது டிரைவர்கள், "அண்ணே, இது தக்காளியா, கத்திரிக்காயா?" என்று கிண்டல் பண்ணினார்கள். சில வண்டிகள் தடாவில் இருந்த வேறு பட்டறைக்குப் போய்விட்டன. அவர் சிரித்துக்கொண்டே, "கத்திரிக்காதான், எண்ணெயில போட்டுத் தரவா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். கண்ணை யாராவது சந்தேகப்பட்டால் முன்பெல்லாம் குறடைத் தூக்கிக்கொண்டு வருகிற ஆள்.

பட்டறையில் சம்மட்டி அடிக்கிறவர் மரியதாஸ். ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துப் பக்கத்தில் வந்தார்.

"அண்ணனுக்காவது நெறம் தப்பறதாவது. சம்மட்டித் தலை கழண்டுக்கினு போயி கால்ல அடிச்சிச்சிம்மா. மரம் சுருங்கி ஆப்பு லூசாயிடுச்சி. யாருக்குத் தெரியும்?"

"அத ஏன் சொல்லல?"

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன். அண்ணன் வாயப் பொத்திட்டாரு. யாரு மேலயும் தப்பு இல்லன்னா தப்பு டீச்சரோட நட்சத்திரத்து மேல போவும்டா, என் மேல போட்டுக்கினா வேலை முடிஞ்சிதுன்னாரு. புத்தூரு போற வழியில, வலியோட, இதத்தாம்மா யோசிச்சிக்கினு வந்திருக்காரு."

அன்று பஸ்ஸை விட்டுவிட்டேன். சாயங்காலம் பட்டறைக்குப் போய், "மாமா, மரியதாஸ் சொல்லிட்டாரு" என்றேன்.

"பட்டறை சமாச்சாரம் பள்ளிக்கூடத்துக்கு எதுக்கு? போயி பாடத்தப் பாரு" என்று உலைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்புறம் சில வருஷங்கள் கழித்து, பாடத்தைப் பார்த்ததில்தான் மிச்சமும் வெளியே வந்தது. எட்டாம் வகுப்புக்கு விண்மீன்கள் பற்றிப் புதிதாகப் பாடம் வைத்தார்கள். திருவள்ளூர் நூலகத்திலிருந்து தடிமனாக ஒரு வானியல் புத்தகம் எடுத்து வந்தேன். உலை அணைகிற சாயங்கால நேரத்தில் பட்டறை முற்றத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டு அதைப் படிப்பேன். மூத்தார் கை கழுவிக்கொண்டே கேட்பார்.

நட்சத்திரங்களை நிறம் பார்த்துத்தான் வகை பிரிக்கிறார்கள், சிவப்பு என்றால் சூடு குறைவு, அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை, எல்லாவற்றுக்கும் மேலே நீலம் என்று படித்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "நம்ம லிஸ்டை எவன் தூக்கிக்கினு போனான்?" சூரியன் மஞ்சள் வகை என்றேன். "எலுமிச்சை. எனக்குத் தெரியாதா?" என்றார்.

பெரிய நட்சத்திரம் சீக்கிரம் எரிந்து தீரும், சின்னது ரொம்ப நாள் தாங்கும் என்றதை உடனே ஒத்துக்கொண்டார். பெரிய உலை கரியை அள்ளித் தின்னும் இல்லையா? தகராறு வந்த இடம் வேறு. சூரியன் போன்ற நட்சத்திரம் வயதான காலத்தில் ஊதிப் பெருத்துச் சிவந்து ராட்சதன் ஆகும், கடைசியில் மேல்பக்கமெல்லாம் உதிர்ந்து உள்ளே இருப்பது வெள்ளைக் குள்ளனாக நிற்கும் என்று படித்தேன்.

"தக்காளி ஆனது மறுபடி எப்பிடி தேங்கா ஆவும்? ஊதறவன் யாரு?"

"யாரும் ஊதல மாமா. உள்ள இருந்த சூடு இப்போ வெளிய தெரியுது."

இரண்டு நாள் என்னோடு அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாள் காய்ந்த பட்டை ஒன்றின் மேலே கருகிய தோலைத் தட்டிவிட்டு, உள்ளே பளிச்சென்று தெரிந்ததை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "கரெக்டு. இதுதான் உன் குள்ளன்" என்றார்.

மிகப் பெரிய நட்சத்திரத்தின் வயிற்றில் கடைசியாக இரும்பு உண்டாகும், இரும்பு வந்துவிட்டால் அதற்குமேல் எரியாது, அப்படியே உள்ளே விழுந்து வெடித்துச் சிதறும், நம் பூமியில் இருக்கிற இரும்பெல்லாம் அப்படிச் சிதறியதுதான் என்று படித்த சாயங்காலம் அவரைப் பிடிக்க முடியவில்லை. "டேய் மரியதாஸ், இத்தினி வருசமா இன்னாத்த அடிச்சிக்கினு கீறோம் தெரியுமா?" என்று கூத்தாடினார். ஒரு மாதம் வருகிற டிரைவர்களிடமெல்லாம், "பாத்து ஓட்டு, நட்சத்திரத்த மாட்டி வுட்டிருக்கேன்" என்று சொல்லிக் கொண்டிருந்தார்.

வெளிச்சம் நம்மிடம் வந்து சேர நூற்றுக்கணக்கான வருஷம் ஆகும், நாம் பார்க்கிற நட்சத்திரம் இதற்குள் செத்தே போயிருக்கலாம் என்றும் புத்தகத்தில் இருந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். "செத்தும் ஆஜர் சொல்லிக்கினு கீதா? என்னை வுட கில்லாடிம்மா."

புத்தகத்தின் கடைசியில் மடித்து ஒட்டிய வான்படம் ஒன்று இருந்தது. அதை விரித்தது ஒரு ஆவணி மாதம், ஏழு மணி இருக்கும். முற்றத்தில் லாந்தரை வைத்துப் படத்தைப் பார்த்தேன். இந்த மாதம், இந்த நேரம், தெற்கே பார்க்கவும், தேள் மாதிரி ஒரு கூட்டம் தெரியும், அதன் நெஞ்சில் கேட்டை. நிமிர்ந்தேன். பனைமரத்துக்கு மேலே தேள் வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றது. நெஞ்சில் சிவப்பாக ஒரு பொட்டு.

"மாமா, அதோ என் கேட்டை!"

அவர் காலைத் தாங்கிக்கொண்டு அவசரமாக எழுந்து வந்தார். கையைக் குவித்துப் பார்த்தார். "இதுவா? நல்லாப் பாரு. இதுதானா? புஸ்தகத்துல இன்னா நெறம் போட்டுக்கீது?"

"சிவப்பு. ஊதிப்போன சிவப்பு ராட்சதன்."

"தக்காளிதானே?" என்றார். மறுபடி, "தக்காளிதான்னு போட்டுக்கீதா?" என்று கேட்டார். பெண் பார்க்க வந்த அன்றே பார்த்து நிறம் சொன்ன கேட்டையை அவர் ஏன் முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அப்போதுதான் உறைத்தது. மணவாள நகரில் எங்கள் எதிர்வீடு தெற்கே இல்லை. மேற்கே இருந்தது.

படத்தில் மேற்குப் பக்கத்தைத் தேடினேன். அங்கே சரிவில் பளிச்சென்று இருப்பது சித்திரை என்று போட்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். செக்போஸ்ட் கூரைக்கு மேலே நின்றது. சிவப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வெள்ளைக்கும் மேலே, நீலம் கலந்த வெள்ளை.

"மாமா. அன்னிக்கு நான் காட்டினது கேட்டை இல்ல. அது."

அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "ம்" என்றார்.

"அது தக்காளி இல்ல மாமா."

"வெல்டிங்கு. அன்னிக்கே கண்ணு கூசிச்சி."

"அப்புறம் ஏன் தக்காளின்னு சொன்னீங்க?"

கருகின புருவத்தைச் சொறிந்துகொண்டார். "உன் கை நடுங்கிச்சேம்மா" என்றார்.

இருக்கிறதிலேயே அதிகச் சூட்டு நட்சத்திரம் தன்னை அடிக்கப்போகிறது என்று அவர் தன் கண்ணால் பார்த்து நம்பியிருக்கிறார். நம்பிக்கொண்டேதான் என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தார், நம்பிக்கொண்டேதான் இத்தனை காலையும் ஜன்னலைத் தட்டினார். கால் முறிந்த அன்று வேளை வந்துவிட்டது என்றுகூட நினைத்திருப்பார். நினைத்துக்கொண்டே பழியைத் தன் கண் மேல் போட்டுக்கொண்டார். நான் படத்தை மடிக்கத் தெரியாமல் மடித்துக்கொண்டு அழுதேன். "லாந்தரப் பாத்து எடுத்துக்கினு வா, கீழ கம்பி கெடக்குது" என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்தார்.

மறுநாள் காலை ஜன்னல் கம்பியில் எப்போதையும் விடப் பலமாக ஒரு தட்டு விழுந்தது.

"ஆஜர், டீச்சர்! இனிமே இன்னா பயம், வெறும் தக்காளிதான்!"

"கட்டையில போறவனே!" என்று உள்ளேயிருந்து மாமியார் ஆரம்பித்தார். நான் டிபன் டப்பாவைப் போட்டுவிட்டு, சிரிப்பும் அழுகையுமாக ஜன்னலுக்கு ஓடினேன்.